நாளைலேருந்து வராதேன்னு வாயால சொல்லிட்டாங்க, கையில ஒரு பேப்பரும் இல்ல, என்ன பண்றது?

வெண்ணாத்தங்கரை
16 பிப்ரவரி 2023, இரவு 11:20

எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போனவன், இன்னிக்கு எழுத வேண்டிய நெலம வந்துடுச்சு. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க.

மன்னார்குடி பக்கத்துல ஒரு மாடர்ன் ரைஸ்மில்லுல எடைமேடை கிளார்க். ஆறு வருஷம் நாலு மாசம் ஆச்சு. வண்டி வந்தா எடை போட்டு சீட்டு குடுக்கணும், மூட்டையில ஊசி குத்தி சாம்பிள் எடுத்து ஈரப்பத மீட்டர்ல போட்டுப் பாத்து ரிஜிஸ்டர்ல எழுதணும், இதான் வேலை. சம்பளம் 13,000, பிஎஃப் இஎஸ்ஐ ரெண்டும் புடிக்கிறாங்க. ஓனர் மாசத்துல நாலு நாள்தான் வருவார். தீபாவளிக்கு அப்புறம் புதுசா ஒரு மேனேஜர் வந்தார், அன்னிலேருந்து ஆரம்பிச்சதுதான் எல்லாம். லோடுமேன் அண்ணங்க முன்னாடி வாடா போடான்னு பேசுறது, அம்மாவ இழுத்துத் திட்டுறது, ராத்திரி பத்து மணி வரைக்கும் நிக்க வச்சுட்டு ஓவர்டைம் கேட்டா நீ என்ன கலெக்டரான்னு கேக்குறது. பொறுத்துக்கிட்டேன், வேற வழியில்ல, வைகாசில தங்கச்சி கல்யாணம்.

இந்த மாசம் மொத வாரம் பேஞ்ச மழையில சம்பா எப்படி சாஞ்சு கெடந்துச்சுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். 13ம் தேதி ஒரு பெரியவர் டிராக்டர்ல நெல்லு கொண்டாந்தார், நாலு நாளா ரோட்டுல கொட்டி காய வச்சு எடுத்துட்டு வந்திருக்கார், கால் பாதம் ரெண்டும் வெடிச்சுக் கெடக்கு. மீட்டர்ல 17.1 காட்டுச்சு, சீட்டுல அதையே எழுதிக் குடுத்துட்டேன். மேனேஜர் வந்து பாத்துட்டு சீட்ட திருப்பி வாங்கு, 20னு போடு, மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிக்கணும்னார். மீட்டர்ல உள்ளதத்தான் சார் எழுதுவேன்னு சொன்னேன். இவ்வளவுதான் சொன்னேன், சத்தம்கூட போடல. ரிஜிஸ்டர புடுங்கி மேசையில அடிச்சுட்டு நாளைலேருந்து இந்தப் பக்கம் தலைய காட்டாதன்னுட்டார்.

மறுநாள் காலைல கேட்டுக்குப் போனா வாட்ச்மேன் அண்ணன் உன்ன உள்ள விட வேணாம்னு சொல்லிருக்காங்க தம்பி, என் வயித்துல அடிச்சுடாதன்னார். 9:42க்கு ஷிஃப்ட் வாட்ஸ்அப் குரூப்லேருந்து என்ன தூக்கிட்டாங்க. இன்னிக்கு சாயங்காலம் அக்கவுன்ட்ஸ்லேருந்து போன், வந்து ராஜினாமா லெட்டர்ல கையெழுத்து போட்டுட்டு பிப்ரவரி சம்பளமும் மேல 20,000மும் வாங்கிக்க, கையெழுத்து போட்டாத்தான் பிஎஃப் பணம் வரும்னு சொல்றாங்க. அப்பா போட்டுட்டு வாடா பெரிய எடத்து பகை வேணாங்கறார். எனக்கு தூக்கம் வரல. எங்கயும் எழுத்துல ஒண்ணுமே இல்ல, நான் என்னன்னு போய் கேப்பேன்?


கும்மோணத்தான்
16 பிப்ரவரி, இரவு 11:41

கையெழுத்து போட்டுடாதீங்க. காலைல யார் போன் பண்ணி கூப்டாலும் போயிடாதீங்க. நான் போட்டுட்டு மூணு வருஷமா வருத்தப்படுறவன். விவரமா நாளைக்கு எழுதுறேன், இப்ப இத மட்டும் புடிச்சுக்கங்க.


வயக்காட்டு மாப்ள
17 பிப்ரவரி, காலை 6:15

நான் வேற மாதிரி சொல்றேன், கோச்சுக்காதீங்க. நம்ம ஊர்ல மில்லுக்காரங்க எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தி, மச்சான். மன்னார்குடில கேஸ் போட்டா நீடாமங்கலத்துல வேலை கெடைக்காது. 20,000 வாங்கிட்டு வேற எடம் பாருங்க, எடைமேடை தெரிஞ்ச ஆளுக்கு வேலைக்கா பஞ்சம். எங்க சித்தப்பா ஒரு கேச இழுத்துக்கிட்டு பதினோரு வருஷம் திருச்சிக்கு பஸ் ஏறுனார், கடைசில தீர்ப்பு வந்தப்ப அவர் இல்ல. கல்யாணத்த வச்சுக்கிட்டு கோர்ட்டுக்கு அலையணுமா, யோசிங்க.


டிப்போ தோழர்
17 பிப்ரவரி, காலை 8:50

தம்பி, நான் பஸ் டிப்போல 31 வருஷம் வேலை பாத்து ரிட்டயர் ஆனவன், அதுல பாதி வருஷம் சங்க வேலை. என்கொயரில தொழிலாளி பக்கத்துல உக்காந்தது எத்தன தடவன்னு கணக்கு இல்ல. மாப்ள சொல்றதுல நியாயம் இருக்கு, இழுக்கும்தான், அத மறைக்க வேணாம். ஆனா வாங்கிட்டுப் போயிடுங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி எவ்வளவ வாங்கிட்டுப் போகச் சொல்றாங்கன்னு பாக்கணும்ல.

உங்க சம்பளம் 13,000ம் பேசிக் டிஏன்னு, அதாவது அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும்னு வச்சுக்குவோம். அஞ்சு வருஷம் தாண்டிட்டா கிராஜுவிட்டி, அதான் பணிக்கொடை, உண்டு, 1972ம் வருஷச் சட்டம், நீங்களா ராஜினாமா பண்ணிட்டு போனாலே குடுத்தாகணும். 13,000த்த 15ஆல பெருக்கி 26ஆல வகுத்தா 7,500, ஆறு வருஷத்துக்கு 45,000. தொழில் தகராறு சட்டம் 1947ல 25எஃப்னு ஒரு பிரிவு இருக்கு, ஒரு வருஷத்துல 240 நாள் வேலை பாத்தவர அனுப்பணும்னா ஒரு மாச நோட்டீஸ் குடுக்கணும் இல்லாட்டி ஒரு மாச சம்பளம், அதோட வருஷத்துக்கு 15 நாள் சம்பளம். அது 13,000மும் 39,000மும். ஆக மொத்தம் 97,000 ஆச்சு, அதுவும் உங்க மேல ஒரு தப்பும் இல்லாம ஆள் கொறைக்கிறாங்கன்னா குடுக்க வேண்டிய கணக்கு. அவங்க 20,000ங்கறாங்க. அந்த ராஜினாமாவுல நீங்க கையெழுத்து போட்ட நிமிஷம் நீங்களா போனீங்கன்னு ஆயிடும், அதுக்குத்தான் இவ்வளவு அவசரம்.

தப்பு பண்ணிட்டான்னு அனுப்பணும்னாலும் அதுக்கு ஒரு முறை இருக்கு. சார்ஜ் மெமோ குடுக்கணும், பதில் எழுத டயம் குடுக்கணும், என்கொயரி வைக்கணும், அவங்க சாட்சிய நீங்க குறுக்கு விசாரணை பண்ண விடணும், என்கொயரி ரிப்போர்ட் காப்பி கையில குடுக்கணும். விசாரிக்கிற வரைக்கும் சஸ்பெண்ட் பண்ணுனா மொத 90 நாளைக்கு பாதி சம்பளம் குடுக்கணும், அதுக்கப்புறம் 180 நாள் வரைக்கும் முக்கால், அதுக்கு மேல போனா முழுசு, இது நம்ம தமிழ்நாட்டுல 1981லேயே வந்த சட்டம். எடைமேடையில நின்னுக்கிட்டு தலைய காட்டாதன்னு சொல்றது இதுல எதுலயும் சேராது.

பிஎஃப் பணத்துக்கு அவங்க தயவு வேணாம். உங்க யுஏஎன்ல, அதான் பிஎஃப் நம்பர்ல, ஆதாரும் பேங்கும் சேந்திருந்தா வேலை போயி உரிய காலம் ஆனதும் நீங்களே கிளெய்ம் போடலாம், வேலைய விட்ட தேதிகூட நீங்களே போட்டுக்கலாம். கையெழுத்து போட்டாத்தான் வரும்ங்கறது பொய்.

இப்ப உங்க கஷ்டம், எழுத்துல ஒண்ணும் இல்லங்கறது. எழுத்துல குடுக்க மாட்டாங்க தம்பி, அதான் அவங்க பலமே. ஒரு மாசம் சும்மா இருந்தீங்கன்னா நாங்க நிறுத்தவே இல்ல, அவனா வராம நின்னுட்டான்னு ஒரே வரில முடிச்சுடுவாங்க. அவங்க வாயால சொன்னத நீங்கதான் ரெக்கார்டுக்கு கொண்டு வரணும். இன்னிக்கே ஒரு லெட்டர் எழுதுங்க, ரிஜிஸ்டர் தபால், ஒப்புகை அட்டையோட, ஓனர் பேருக்கு. மேனேஜர் பேருக்கு அனுப்பாதீங்க. அதுல கோவமா ஒரு வார்த்த இருக்கக் கூடாது, வேலை வேணும்ங்கறது மட்டும்தான் தெரியணும்.


நாகை செவிலி
17 பிப்ரவரி, பிற்பகல் 2:05

அண்ணா நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரில நாலு வருஷம் ஸ்டாஃப் நர்ஸா இருந்தேன். சேரும்போதே வெத்துத்தாள்ல ஒரு கையெழுத்து வாங்கிட்டாங்க, ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாத்தையும் வாங்கி பீரோல வச்சுட்டாங்க, எல்லாருக்கும் அப்படித்தான்னாங்க, நானும் நம்பிட்டேன். நைட் டூட்டில ஒரு சூப்பர்வைசரம்மா என்ன நிக்க வச்சு அழ வச்ச நாள்ல பதில் பேசிட்டேன். அடுத்த வாரம் அந்த வெத்துத்தாள்ல ராஜினாமா டைப் ஆகி இருந்துச்சு, கீழ என் கையெழுத்து, தேதி மட்டும் புதுசு.

நான் லேபர் ஆபீசுக்குப் போனேன். அங்க ஆபீசர் கேட்ட மொத கேள்வி, ராஜினாமான்னு தெரிஞ்ச அன்னிக்கே இது நான் குடுத்ததில்லன்னு எழுதிக் குடுத்தியாம்மான்னு. நான் எழுதல. ஒரு மாசம் வீட்டுல அழுதுகிட்டு இருந்தேன். அந்த ஒரு மாசம்தான் என்ன கவுத்துச்சு. சர்டிபிகேட்டும் மூணு மாச சம்பளமும் வாங்கிக் குடுத்தாங்க, அது வரைக்கும் நன்றி, ஆனா வேலை திரும்ப கெடைக்கல. நீங்க இன்னிக்கு ராத்திரிக்குள்ள அனுப்புங்க அண்ணா. தூக்கம் வராட்டி அந்த நேரத்துல நடந்தத தேதி தேதியா ஒரு நோட்டுல எழுதுங்க, யார் யார் நின்னாங்க என்ன வார்த்த சொன்னாங்கன்னு. ஆறு மாசம் கழிச்சு கேக்கும்போது நமக்கே கொழம்பும்.


கும்மோணத்தான்
17 பிப்ரவரி, இரவு 10:30

நேத்து சொன்ன மாதிரி என் கதைய எழுதுறேன், கடையில வேலை பாக்குறவங்க இருந்தா அவங்களுக்கு இது வேணும். நான் இருந்தது ஜவுளிக்கடை, பட்டுச்சேலை செக்ஷன். காலைல ஒம்போதரைக்கு நின்னா ராத்திரி ஒம்போதரை. கடைக்காரங்க உக்கார எடம் குடுக்கணும்னு தமிழ்நாட்டுல 2021ல சட்டமே வந்துச்சு, அதுக்கு முன்னாடி நடந்தது இது. கஸ்டமர் இல்லாத நேரம் சேலை கட்டு மேல ரெண்டு நிமிஷம் சாஞ்சேன்னு ஃப்ளோர் சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் காதப் புடிச்சார். நான் கைய தட்டி விட்டேன். அன்னிக்கு சாயங்காலமே எழுதி வாங்கிட்டாங்க, நானும் ரோஷத்துல போட்டுட்டேன்.

கடைகள் நிறுவனங்கள் சட்டம் 1947ல 41ம் பிரிவுன்னு இருக்கறது எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. ஆறு மாசம் தொடர்ந்து வேலை பாத்திருந்தா தக்க காரணம் இல்லாம, ஒரு மாச நோட்டீஸ் இல்லாம அனுப்ப முடியாது, அனுப்புனா தொழிலாளர் துறையில அப்பீல் பண்ணலாம். ஆனா அதுக்கு 30 நாள்தான் டயம். நான் போனது 70வது நாள், அதுவும் கையில என் கையெழுத்து போட்ட ராஜினாமாவோட. மில்லு ஃபேக்டரில வரும், உங்களுக்கு வேற சட்டம், தோழர் சொல்றதுதான். கடைக்காரங்க யாராவது இத படிச்சா அந்த 30 நாள மனசுல வச்சுக்கங்க.


வெண்ணாத்தங்கரை
18 பிப்ரவரி, காலை 5:40

எல்லாரும் சொன்னத அப்பாகிட்ட படிச்சுக் காட்டுனேன். 97,000னு கேட்டதும் அப்பா கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் அனுப்புடான்னார். லெட்டர் எழுதிருக்கேன், சரியான்னு பாத்து சொல்லுங்க, பத்து மணிக்கு போஸ்ட் ஆபீஸ் போறேன்.

"ஐயா, தங்கள் ஆலையில் ஆறு ஆண்டுகள் நான்கு மாதங்களாக எடைமேடை எழுத்தராகப் பணிபுரிந்து வருகிறேன். 13.2.2023 அன்று மாலை சுமார் 4 மணிக்கு மேலாளர் அவர்கள் நாளை முதல் வேலைக்கு வர வேண்டாம் என்று வாய்மொழியாகக் கூறினார். 14.2.2023 காலை 8 மணிக்கு வழக்கம்போல் பணிக்கு வந்தபோது வாயிலில் தடுக்கப்பட்டேன். எனக்கு எந்தக் குற்றச்சாட்டுக் குறிப்பாணையோ பணிநீக்க உத்தரவோ வழங்கப்படவில்லை. நான் ராஜினாமா செய்யவில்லை, செய்யும் எண்ணமும் இல்லை. பணிபுரியத் தயாராக இருக்கிறேன். என்னை உடனே பணியில் அனுமதிக்குமாறும், தடுக்கப்பட்ட நாட்களுக்கு உரிய சம்பளத்தை வழங்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

மீட்டர் விஷயத்த எழுதவா வேணாமா? அதுதான் காரணமே.


டிப்போ தோழர்
18 பிப்ரவரி, காலை 7:10

லெட்டர் நல்லாருக்கு. மீட்டர் விஷயம் இப்ப வேணாம், இந்த லெட்டர் வேலை கேக்குற லெட்டரா இருக்கட்டும். காரணம் உண்மைதான், அத லேபர் ஆபீஸ்ல மனுவுல முழுசா எழுதுவோம். அனுப்பறதுக்கு முன்னாடி ஜெராக்ஸ் ரெண்டு எடுங்க, போஸ்ட் ஆபீஸ் ரசீதையும் ஜெராக்ஸ் எடுங்க, அந்த மை ஆறு மாசத்துல மங்கிப் போயிடும். வாட்ஸ்அப் குரூப்லேருந்து எடுத்தாங்கள்ல, அந்த ஸ்க்ரீன்ஷாட் ரொம்ப முக்கியம். வேலைக்கு வராம நின்னவன 14ம் தேதி காலைலயே ஏன் தூக்குனாங்கன்னு ஒரு கேள்வி கேட்டா போதும். போனை மாத்தாதீங்க, ரிப்பேருக்கும் குடுக்காதீங்க. பிஎஃப் பாஸ்புக்கையும் இஎஸ்ஐ கார்டையும் இன்னிக்கே டவுன்லோட் பண்ணி வைங்க, நீங்க அங்க வேலை பாத்ததுக்கு அதவிட சாட்சி கெடையாது.


மாயவரம் வக்கீலம்மா
18 பிப்ரவரி, மாலை 6:30

தோழர் சொன்னது அத்தனையும் சரி, ரெண்டு மூணு விஷயம் மட்டும் சேக்குறேன். ஒண்ணு, தனி ஒருத்தரோட பணிநீக்கமும் தொழில் தகராறுதான்னு தோழர் சொன்ன அதே 1947 சட்டத்துல 2ஏ பிரிவு சொல்லுது, சங்கம் இருந்தாத்தான் போகணும்னு இல்ல. லேபர் ஆபீஸ்ல இருக்கற சமரச அதிகாரிகிட்ட மனு குடுத்து 45 நாள் ஆயிட்டா நேரடியா தொழிலாளர் நீதிமன்றம் போகலாம், உங்களுக்கு திருச்சி. வேலைய விட்டு எடுத்த தேதிலேருந்து மூணு வருஷத்துக்குள்ள போயிடணும். சமரசப் பேச்சுல ரெண்டு தரப்புக்கும் வக்கீல் கூடாது, அதனால அங்க மில்லுக்காரங்க பெரிய வக்கீல கூட்டிட்டு வருவாங்கன்னு பயப்படாதீங்க. கோர்ட்டுன்னு போனா தொழிலாளிக்கு இலவச சட்ட உதவி உண்டு, வருமானம் எவ்வளவுன்னு பாக்க மாட்டாங்க, 15100க்கு போன் பண்ணுங்க, இல்ல மாவட்ட கோர்ட்டுல சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீசுக்கு நேரா போங்க.

இன்னொண்ணு, இத யாரும் முன்னாடியே சொல்றதில்ல. நடுவுல வயித்துப்பாட்டுக்கு வேற வேலைக்குப் போனா அத மறைக்காதீங்க. வேலைக்கு போறது தப்பில்ல, ஆனா முழுச் சம்பளத்துல வேற எடத்துல இருந்தா பின் சம்பளம், அதாவது வெளிய நிறுத்தி வச்ச நாளுக்கான சம்பளம், கேக்கும்போது கொறையும். 2013ல சுப்ரீம் கோர்ட் சொன்னது, தப்பா நீக்கியிருந்தா பின் சம்பளத்தோட திரும்ப எடுக்கறதுதான் சாதாரண விதி, ஆனா வேற வருமானம் இல்லாம இருந்தேன்னு தொழிலாளி மொதல்ல சொல்லணும்னு.


வயக்காட்டு மாப்ள
18 பிப்ரவரி, இரவு 9:00

நான் சொன்னத வாபஸ் வாங்கல, ஆனா 97,000 கணக்கு எனக்குத் தெரியாது. தோழர்கிட்ட ஒண்ணு கேக்கணும், என் மச்சான் கோல்டு ஸ்டோரேஜ்ல அசிஸ்டன்ட் மேனேஜர்னு போட்டிருக்காங்க, சம்பளம் என்னவோ 14,000தான், மூட்டை எண்றதுதான் வேலை. அவனுக்கும் இதெல்லாம் உண்டா?


டிப்போ தோழர்
18 பிப்ரவரி, இரவு 9:25

பேர்ல மேனேஜர்னு போட்டுட்டா மேனேஜர் ஆயிட மாட்டார் மாப்ள. லீவு சாங்ஷன் பண்றாரா, ஆள் எடுக்குறாரா, யார் மேலயாவது நடவடிக்கை எடுக்கிற அதிகாரம் இருக்கான்னுதான் கோர்ட் பாக்கும். மூட்டை எண்றவர் தொழிலாளிதான்.


வெண்ணாத்தங்கரை
28 பிப்ரவரி, இரவு 8:15

அப்டேட். ஒப்புகை அட்டை 22ம் தேதி கையெழுத்தாகி திரும்பி வந்துச்சு. நேத்து மில்லுலேருந்து ஒரு லெட்டர். நான் 14ம் தேதிலேருந்து அனுமதி இல்லாம வேலைக்கு வரலையாம், மூணு நாளைக்குள்ள ஆஜராகலேன்னா பேர நீக்கிடுவாங்களாம். லெட்டர்ல தேதி பிப்ரவரி 15. படிச்சதும் எனக்கு கை நடுங்கிப் போச்சு. மூணு நாள் எப்பவோ முடிஞ்சு போச்சே, இப்ப என்ன பண்றது?


டிப்போ தோழர்
28 பிப்ரவரி, இரவு 8:22

கவர தூக்கிப் போட்டுடாதீங்க. தபால் முத்திரையில என்ன தேதி?


வெண்ணாத்தங்கரை
28 பிப்ரவரி, இரவு 8:31

25.2.23. இப்பதான் பாக்குறேன். அப்பா அந்தக் கவர்ல மாட்டுக்காரருக்கு குடுக்க வேண்டிய பால் கணக்கு எழுதி வச்சிருந்தார், நல்லவேளை கிழிக்கல.


டிப்போ தோழர்
28 பிப்ரவரி, இரவு 8:50

உங்க லெட்டர் 22ம் தேதி அவங்க கைக்குப் போயிருக்கு, அதப் பாத்துட்டு பழைய தேதி போட்டு 25ம் தேதி அனுப்பிருக்காங்க. இத அவங்களே உங்களுக்கு எழுதிக் குடுத்த சாட்சின்னு வச்சுக்கங்க. லெட்டரயும் கவரயும் சேத்து ஒரு பாலிதீன் கவர்ல போட்டு வைங்க, பால் கணக்கு இருந்தா இருக்கட்டும், அழிக்காதீங்க.

இப்ப நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான், நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு மில்லு கேட்டுல நிக்கணும். ஆஜராகச் சொன்னீங்க, ஆஜராகிட்டேன். உள்ள விட்டா பேசாம போய் வேலைய பாருங்க, எவ்வளவு திட்டுனாலும் வாய தொறக்காதீங்க, எந்தத் தாளயும் படிக்காம கையெழுத்து போடாதீங்க. விடலேன்னா ஒரு ஆள கூட வச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் நின்னுட்டு நேரா போஸ்ட் ஆபீஸ், வந்தேன் விடலன்னு அன்னிக்கே ரெண்டாவது லெட்டர். வர்ற சம்பளத்த வேணாங்காதீங்க, ஆனா வவுச்சர்ல முழு பைசலுக்குன்னு இருந்தா, கீழ "என் உரிமைகளுக்குப் பாதகமின்றிப் பெற்றுக்கொண்டேன்"னு உங்க கையால எழுதிட்டு அப்புறம் போடுங்க. எழுத விடலேன்னா வாங்காம வந்துடுங்க.


வெண்ணாத்தங்கரை
1 மார்ச், மதியம் 1:30

போனேன். மாமா கூட வந்தார். மேனேஜரே கேட்டுக்கு வந்து லெட்டருக்கு லெட்டர் போடுற அளவுக்கு ஆயிட்டியான்னு கேட்டார். நான் பேசல. அரை மணி நேரம் வெயில்ல நின்னோம். வாட்ச்மேன் அண்ணன் மேனேஜர் உள்ள போனதும் ஒரு சொம்பு தண்ணி கொண்டாந்து குடுத்துட்டு மூஞ்சியப் பாக்காம போயிட்டார். ரெண்டாவது லெட்டர் மன்னார்குடி போஸ்ட் ஆபீஸ்ல 10:50க்கு போட்டாச்சு.


நாகை செவிலி
1 மார்ச், மாலை 4:00

அண்ணா நீங்க பேசாம நின்னது ரொம்ப பெரிய விஷயம். எனக்கு அது முடியல.


வெண்ணாத்தங்கரை
19 ஜூலை 2023, இரவு 9:45

இவ்வளவு நாள் எழுதாததுக்கு மன்னிச்சுக்கங்க, நிறைய பேர் இன்பாக்ஸ்ல கேட்டிருந்தீங்க. கல்யாணம் வைகாசில நல்லபடியா முடிஞ்சுது. மார்ச் 13 லேபர் ஆபீஸ்ல 2ஏ மனு குடுத்தேன், தோழர் போன்லயே வரி வரியா சொன்னார், மீட்டர் விஷயத்த முழுசா எழுதுனோம். மொத ரெண்டு தடவ மில்லு சார்பா மேனேஜரே வந்தார். அவனா நின்னுட்டான் சார், நாங்க கூப்ட்டும் வரலங்கறதுதான் அவர் பாட்டு. ஆபீசர் 15ம் தேதி லெட்டரயும் 25ம் தேதி கவரயும் பக்கத்துல பக்கத்துல வச்சு அவர் பக்கமா திருப்பி வச்சார். வேற ஒண்ணும் கேக்கல. அதுக்கு அப்புறம் வந்த தேதிக்கு மேனேஜர் வரல, ஓனரே வந்தார்.

ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நெல்லு கொண்டாந்த பெரியவர் எப்படியோ கேள்விப்பட்டு ரெண்டு பஸ் மாறி லேபர் ஆபீஸ் வந்துட்டார். நான் கூப்பிடல, அவர் பேருகூட எனக்கு சீட்டுல எழுதுனதோட சரி. மேனேஜர் திருப்பி வாங்கச் சொன்ன சீட்ட அன்னிக்கு அவர் குடுக்கலையாம், மடிச்சு பீடிக்கட்டோட சட்டப் பையில வச்சுட்டு வந்துட்டார். 17.1, என் கையெழுத்து, நேரம் 3:40. அத எடுத்து மேசையில வச்சுட்டு அந்தத் தம்பி எனக்காக சொல்லல, உள்ளத சொன்னுச்சுன்னார். ஓனர் சீட்ட ரெண்டு தடவ எடுத்துப் பாத்தார்.

45 நாள் எப்பவோ தாண்டிடுச்சு, அடுத்து திருச்சிதான்னு அவங்களுக்கும் தெரியும். போன வாரம் சமரச அதிகாரி முன்னாடி 12(3) பிரிவுப்படி சமரச ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. கிராஜுவிட்டி 45,000, நோட்டீஸ் சம்பளம் 13,000, 25எஃப் கணக்குல 39,000, பின் சம்பளமா ரெண்டரை மாசத்துக்கு 32,500. மொத்தம் 1,29,500, செக்கு பாஸ் ஆயிடுச்சு. பிப்ரவரி 13 நாள் சம்பளம் முன்னாடியே வந்துடுச்சு. நடத்தை திருப்திகரம்னு சர்வீஸ் சர்டிபிகேட்டும் எழுதி வாங்கிட்டேன். ஓவர்டைம ஃபேக்டரி சட்டப்படி ரெட்டிப்பா கேட்டேன், ரெக்கார்டே இல்லன்னுட்டாங்க, அத விட்டேன். வேலைக்கு திரும்பப் போகல.


கும்மோணத்தான்
19 ஜூலை, இரவு 10:10

ரொம்ப சந்தோஷம் தம்பி. ஆனா மனசுல பட்டத சொல்லிடுறேன், நீங்க திருச்சிக்கு போயிருக்கணும். கவர் இருக்கு, சீட்டு இருக்கு, சாட்சி இருக்கு, இதவிட கெட்டியான கேஸ் வராது. முழு பின் சம்பளத்தோட உள்ள போயிருக்கலாம். அந்த மேனேஜர் இன்னும் அங்கதான இருக்கார்?


வெண்ணாத்தங்கரை
19 ஜூலை, இரவு 10:40

இருக்கார் அண்ணே. எனக்கும் அதுதான் உறுத்துது. ஆனா கல்யாணக் கடன் வட்டி மாசம் ஏறுது, திருச்சி எத்தன வருஷம் ஆகும்னு யாராலயும் சொல்ல முடியல. உள்ள போனாலும் அதே ஆளுக்கு கீழதான் நிக்கணும், அம்மாவ பத்தி பேசுனா இந்தத் தடவ நான் பேசாம இருப்பேனான்னு எனக்கே நம்பிக்கை இல்ல. இப்ப நீடாமங்கலம் பக்கம் ஒரு தனியார் எடைமேடையில இருக்கேன், 12,000. மில்லுக்காரங்க சொல்லி வேலை கெடைக்காதுன்னு மாப்ள பயந்தார், இவங்க அந்த சர்டிபிகேட்ட பாத்துட்டுதான் எடுத்தாங்க.


வயக்காட்டு மாப்ள
20 ஜூலை, காலை 6:20

நான் தப்பா சொன்னேன்னு ஒத்துக்கறேன். என் மச்சானுக்கு இந்த இழை முழுசையும் அனுப்பிருக்கேன்.


வேதாரண்யம் அலை
9 டிசம்பர் 2025, இரவு 10:05

பழைய இழைய எழுப்புறதுக்கு மன்னிக்கணும். நான் இறால் பதப்படுத்துற கம்பெனில லைன் சூப்பர்வைசர், சம்பளம் 16,000, மூணு வருஷம் ஆச்சு. கைல கையுறை இல்லாம பொண்ணுங்கள ஐஸ்ல நிக்க வச்சதுக்கு ப்ரொடக்ஷன் மேனேஜர எதுத்துக் கேட்டேன். நேத்து சாயங்காலம் இனிமே வரவேணாம்னு சொல்லிட்டாங்க, ஐடி கார்ட குடுத்துட்டுப் போங்கறாங்க. சூப்பர்வைசர்னா தொழிலாளி கணக்குல வராதுன்னு எச்ஆர் சொல்றார், அது நெசமா?


மாயவரம் வக்கீலம்மா
9 டிசம்பர் 2025, இரவு 10:40

மேல நாங்க எழுதுன நாள்ல சூப்பர்வைசர் வேலை பாக்குறவங்களுக்கு 10,000தான் வரம்பு, எச்ஆர் அத மனசுல வச்சு பேசுறார். போன மாசம் 21ம் தேதிலேருந்து அந்த 1947 தொழில் தகராறு சட்டத்துக்குப் பதிலா புதுத் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துடுச்சு, அதுல வரம்பு 18,000. உங்களுக்கு 16,000, நீங்க உள்ளதான் வர்றீங்க. ஆனா பழைய மூணு வருஷ டயம் இப்ப ரெண்டு வருஷம் ஆயிடுச்சு, இத கவனிச்சுக்கங்க. வேலைய விட்டு எடுத்தா பாக்கி சம்பளத்த ரெண்டு வேலை நாளுக்குள்ள குடுக்கணும்னு புது ஊதியச் சட்டத் தொகுப்புல இருக்கு. மனு குடுக்குற எடம் அதே லேபர் ஆபீஸ்தான்.


டிப்போ தோழர்
10 டிசம்பர் 2025, காலை 5:50

அம்மா, ஐடி கார்ட குடுத்துட்டீங்களா? குடுக்கலேன்னா ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து வேற ஒரு போனுக்கு அனுப்பி வைங்க. ரிஜிஸ்டர் தபால் செப்டம்பர்லேருந்து ஸ்பீட் போஸ்ட்டோட சேந்துடுச்சு, கவுன்ட்டர்ல ஸ்பீட் போஸ்ட்ல ரிஜிஸ்ட்ரேஷனும் டெலிவரி சாட்சியும் சேத்துக் கேளுங்க. வெண்ணாத்தங்கரை தம்பி எழுதுன லெட்டர் மேல இருக்கு, அதையே தேதி பேர் மாத்தி எழுதுங்க. இன்னிக்குக் காலைல எத்தன மணிக்கு உங்களுக்கு ஷிஃப்ட்? கூட வர யாராவது இருக்காங்களா?